தத்தெடுத்த பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் சொந்தப் பிள்ளை ஆகுமா?

"ரத்தம் வேறு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், வேதம் என்ன சொல்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மத்தேயு முதல் அதிகாரத்தைக் காட்டுங்கள். ஆபிரகாமில் தொடங்கி தாவீது வழியாக வரும் அந்த நீண்ட வம்ச வரலாறு யோசேப்பிடம் வந்து நிற்கிறது. இயேசு அவருக்குப் பிறந்தவர் இல்லை என்று அதே அதிகாரம் சொல்கிறது, ஆனாலும் யோசேப்பு பெயரிட்டு ஏற்றுக்கொண்டதால் அவர் தாவீதின் குமாரன். ரத்தம் பேசும் பெரியப்பாக்கள் இந்த அதிகாரத்தைக் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

ரோமர் 8-ல் பவுல் இன்னும் ஒரு படி மேலே போய், விசுவாசிகள் எல்லோருமே புத்திரசுவிகாரம் பெற்றவர்கள், அதாவது தேவனால் தத்தெடுக்கப்பட்டவர்கள், "பிள்ளைகளானால் சுதந்தரருமாமே" (வாரிசுகளும்தான்) என்கிறார். அன்றைய ரோமச் சட்டத்தில் தத்துப்பிள்ளை முழு வாரிசு, அகஸ்டஸே ஜூலியஸ் சீசரின் உயில் மூலம் மகனானவர்தான்.

ஆனால் "அநாதையை மீட்டோம்" என்று சபையில் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். பிள்ளை காலமெல்லாம் நன்றிக்கடன் சுமக்க வேண்டியதில்லை.

அப்புறம் சட்டம். 1956-ன் இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. அதனால் பலர் 1890-ன் காப்பாளர் சட்டப்படி வெறும் காப்பாளராகவே இருந்தார்கள், அதில் வாரிசுரிமை தானாக வராது. சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போது காராவில் (CARA, மத்திய தத்தெடுப்பு ஆணையம்) பதிவு செய்ய வேண்டும், தத்து உத்தரவை மாவட்ட ஆட்சியர் தருவார். ஞானஸ்நானச் சான்றிதழில் உங்கள் பெயர் இருந்தால் மட்டும் அது தத்து ஆகிவிடாது.