கேள்வி – பதில்: கார்டு வெளியே, கம்பி உள்ளே

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை நான்கு மாடி. பின்பக்கப் படிக்கட்டுக் கதவு வழியாகச் சரக்கு போய்விடுகிறது என்று முதலாளி சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். ஒரு ஏஜென்சிக்காரர் மேக்னடிக் லாக் (மின்காந்தப் பூட்டு) போட்டு, உள்ளே வெளியே இரண்டு பக்கமும் கார்டு ரீடர் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் கார்டு ரீடரோடு சேர்ந்தே வரும் பேனிக் பார் என்று ஒன்றைக் காட்டி மூன்று மடங்கு விலை சொல்கிறார். எது சரி?
– கடை மேற்பார்வையாளர், ஈரோடு

பதில்: முதலில் அந்தச் சங்கிலியைக் கழற்றச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். தீ பிடித்தது கீழே, செத்தவர்கள் மேலே பால்கனியில் புகையில் மூச்சுத் திணறியவர்கள். வெளியேறும் வழியில் கூடுதல் இருக்கைகள் போட்டு அடைத்திருந்தார்கள், கதவும் தாழிட்டிருந்தது. நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) சொல்வதும் இதைத்தான்: வெளியேறும் கதவு உள்ளே இருப்பவர்கள் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். உள்பக்கம் கார்டு ரீடர் வைத்தால் அந்தக் கார்டும் சாவிதானே? துணி எடுக்க வந்த அம்மாவிடம் கார்டு ஏது?

இரண்டாமவர் காட்டியது நல்ல பொருள். கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே இருக்கும் இணைப்பு கொண்டியை நேரடியாக இழுத்துவிடும், இதற்குக் கரண்டே வேண்டாம். அமெரிக்க விதிப்படி 15 பவுண்டு விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது, அதாவது ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கம்பியும் கதவின் அகலத்தில் பாதியாவது இருக்க வேண்டும். நெரிசலில் கையைத் தூக்க முடியாதவர் மேலே சாய்ந்தாலே கதவு திறக்கட்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். எலக்ட்ரானிக்ஸ் பூட்டுவது வெளிப்பக்கக் கைப்பிடியை மட்டும்தான், கார்டோ நம்பரோ சரியாக இருந்தால்தான் அது திரும்பும். கம்பிக்குள்ளும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. யாராவது உள்ளிருந்து தள்ளினால் உடனே கார்டைச் சரிபார்த்துப் பூட்டை இயக்கும் பெட்டிக்கு, அதாவது கன்ட்ரோலருக்கு, செய்தி போகும், எத்தனை மணிக்குத் திறந்தது என்று பதிவாகும், வேண்டுமானால் அங்கேயே சைரன் அலறும். உங்கள் முதலாளிக்கு வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன். சைரன் அலறும் கதவு வழியாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக எவனுக்கும் மனசு வராது, பக்கத்தில் ஒரு கேமராவும் இருந்தால் இன்னும் நல்லது.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். கரண்டையும் நிறுத்தி பேட்டரியையும் கழற்றச் சொல்லிவிட்டு, கம்பியை நீங்களே இடுப்பால் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் அது பேனிக் பார் இல்லை, யாரோ அலங்காரத்துக்குக் கம்பி ஒட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: கரண்ட் போனால் கதவு தானாகத் திறந்துகொள்ளுமா, பூட்டிக்கொள்ளுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் உண்டு, பூட்டைப் பொறுத்தது. மேக்னடிக் லாக் கரண்ட் இருக்கும்வரைதான் பிடிக்கும். போனால் உள்ளே இருப்பவருக்கும் திறக்கும், நடு ராத்திரி வெளியே நிற்கும் திருடனுக்கும் திறக்கும். அதனால் பேட்டரி வைப்பார்கள். அப்புறம் உள்ளிருந்து திறக்க அழுத்தும் எக்ஸிட் பட்டனின் வயர் கன்ட்ரோலர் வழியாகச் சுற்றி வந்தால், கன்ட்ரோலர் உறைந்துபோன அன்று பட்டனை எத்தனை தரம் அழுத்தினாலும் பயன் இல்லை. அந்தப் பட்டன் பூட்டின் கரண்டை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். பேனிக் பாரில் இந்தத் தொல்லை இல்லை: உள்ளிருந்து எப்போதும் திறக்கும், வெளியே மட்டும் கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம். உயரமான கட்டடத்தின் படிக்கட்டுக் கதவு மட்டும் வேறு மாதிரி. கீழே புகை என்று தெரிந்து திரும்பி ஏறுகிறவர் ஏதாவது ஒரு மாடிக்குள் நுழைய வேண்டும் அல்லவா? அதற்காகப் படிக்கட்டுப் பக்கக் கைப்பிடி ஃபயர் அலாரம் அடித்ததும், கரண்ட் போனதும் விடுபடுகிற வகையாக இருக்க வேண்டும். அப்போதும் யாராவது கைப்பிடியைத் திருப்பும்வரை கொண்டி விழுந்தே இருக்கும், புகை உள்ளே வராது.

கேள்வி: தள்ளிய பிறகு 15 விநாடி கழித்துத் திறக்கும் பேனிக் பார் வெளிநாட்டில் இருக்கிறதாமே? கடைக்கு அதுவே போதாதா?
– வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது. தள்ளியதும் சைரன் அடிக்கும், 15 விநாடியில் கதவு விட்டுவிடும். ஆனால் அமெரிக்காவில் அதற்கு ஏகப்பட்ட நிபந்தனை: கட்டடம் முழுக்க, தீ வந்தால் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரோ தீ கண்டறியும் கருவிகளோ இருக்க வேண்டும், அவை வேலை செய்த உடனேயும் கரண்ட் போன உடனேயும் காத்திருக்காமல் திறக்க வேண்டும், கதவிலேயே எழுதியும் ஒட்ட வேண்டும். தியேட்டர் மாதிரி கூட்டம் சேரும் இடங்களில் பொதுவாக அனுமதியே கிடையாது. தீபாவளி நேரத்து ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்கள். நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இந்தப் பேனிக் பாரை முதலில் கண்டுபிடித்தது யார்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்ற ஊரில் 1883 ஜூன் 16 அன்று குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சி. முடிவில் பரிசு தருகிறோம் என்றதும் மாடியில் இருந்த பிள்ளைகள் படியில் ஓடி வந்தார்கள். கீழே கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, அதையும் ஒரு பிள்ளை மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழிட்டிருந்தார்கள். 183 குழந்தைகள் நசுங்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாளுக்கு 1892-இல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் 1903-இல் சிகாகோ இரோகுவா தியேட்டர் தீயில் 602 பேர் இறந்த பிறகு இது பரவியது.

கேள்வி: ஆஸ்பத்திரியில் பேனிக் பார் ஒவ்வொரு முறையும் ‘டபார்’ என்கிறது. பகலில் கம்பியை அழுத்தியபடியே நிறுத்தி வைக்கலாமா?
– செவிலியர், வேலூர்

பதில்: சாதாரணக் கதவென்றால் சாவி போட்டு நிறுத்தலாம். தீயையும் புகையையும் தடுக்க வைத்த ஃபயர் டோர் என்றால் கூடாது, தீயின்போது கொண்டி விழுந்தே ஆக வேண்டும். ஃபயர் அலாரம் அடித்ததும் தானே விட்டுவிடும் மின்சார வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள். அதிலும் மின்காந்தச் சுருள் கொண்டியை வெடுக்கென்று இழுக்கும் பழைய சோலனாய்டு வகை வேண்டாம். இழுக்கிற நொடியில் 16 ஆம்பியர் வரை கேட்கும், சத்தமும் போடும். மோட்டார் வகை வாங்குங்கள், நோயாளி தூங்குவார்.