மறு: முதல் காபியில் தெம்பு, மூன்றாவதில் படபடப்பு, விட்டால் தலைவலி

காலைக் காபி தெம்பு தருகிறது, பதினொரு மணிக்குள் மூன்றாவதும் குடித்தால் கை நடுங்கிக் காரணமில்லாத பயம் வருகிறது, ஞாயிறு விட்டால் தலை பிளக்கிறது என்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் அடினோசின்தான்.

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் சேர்ந்து அசதி உண்டாக்கும் பொருள் அது. காபியிலுள்ள கஃபீன், அது வந்து ஒட்டவேண்டிய ஏ1, ஏ2ஏ என்ற ஏற்பிகளில் (நரம்பணுக்களில் அது பொருந்தும் இடங்கள்) முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். மூளையின் உள்ளே ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் ஏ2ஏ ஏற்பி, ஊக்கம் தரும் மூளை வேதிப்பொருளான டோபமினின் டி2 ஏற்பியோடு ஒட்டியே இருந்து அதை அடக்கிவைக்கும். அந்தப் பிடி தளர்வதுதான் உங்கள் காலைத் தெம்பு. அளவு மீறினால் அட்ரினலினும் ஏறும், நடுக்கம் அதனால்தான். சிலருக்கு ஏ2ஏ ஏற்பியின் மரபணு வகையாலேயே 150 மி.கி. கஃபீன்கூடப் பதற்றம் தரும்.

உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரமாகும். ஆக மூன்றாவது டம்ளர் முதலிரண்டின் மேல்தான் ஏறுகிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அண்மையில் சிகரெட்டை விட்டீர்களா? அதுவும் கஃபீனைத் தங்கவைக்கும். பலர் கவனிக்காத விஷயம்.

தினமும் குடித்தால் ஏற்பிகள் பெருகும், மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கியே பழகும். நிறுத்திய 12 முதல் 24 மணிக்குள் அவை விரிந்து தலை வலிக்கும். 9 நாள்வரைகூட நீளலாம். அதனால் ஒரேயடியாக விடாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கொருமுறை டிகாக்‌ஷனில் கால் பங்கு குறையுங்கள், பாலை அல்ல. சிக்கரியில் கஃபீன் கிடையாது. சிக்கரி கூடிய பொடிக்கு மாறுவதும் உதவும். கஃபீன் ஒரு வேளைக்கு 200, நாளுக்கு 400 மி.கி. தாண்டவேண்டாம். குறைத்த பிறகும் படபடப்பு நின்றபாடில்லை என்றால் ஈசிஜி, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.