பெயின்ட்டுக்கு முன் பிளான்: சாட்ஸ்வொர்த் வீட்டை விற்கப்போகிறவருக்கு

கேள்வி: நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள மகளோடு போய் இருக்கலாம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டை விற்கப்போகிறோம். கிச்சனை இடித்துப் புதிதாக்கினால் விலை கூடுமா? பின்சுவரில் ஈரக்கசிவு இருக்கிறது, பெயின்ட் அடித்தால் போதுமா? மகனுக்காக வளவில் தனியாகக் கட்டிய அவுட்பில்டிங்கில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அதை நகராட்சி அனுமதித்த பிளான் இல்லாமல்தான் கட்டினோம். முற்றத்து மாரியம்மனை எங்களோடு எடுத்துப்போக முடியுமா?

பதில்: கிச்சனைத் தொடாதீர்கள் அம்மா. வாங்குகிறவர் எப்படியும் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வார், நீங்கள் போட்ட காசு முழுசாகத் திரும்பாது. சொட்டும் குழாய், தொங்கும் கேபினெட் கதவு, உடைந்த டைல் இவற்றைச் சரிசெய்தால் போதும். மிச்சப் பணத்தை அவுட்பில்டிங்குக்கு ஒதுக்குங்கள்.

இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நிறவெறிக் கால குரூப் ஏரியாஸ் சட்டம், நம் இந்தியக் குடும்பங்களைப் பிடுங்கி நட்ட ஊர் இது. 1960களில் நகரசபை கட்டிக்கொடுத்த சின்ன வீடுகள், பிள்ளைக்குக் கல்யாணம், பேரனுக்கு அறை என்று தேவைக்கேற்ப வளர்ந்தன. ஏன் கட்டினீர்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி நகராட்சிக் கோப்பில் உள்ள பிளான் ஒன்றும் நிற்கிற வீடு வேறொன்றுமாக இருந்தால், வாங்குகிறவரோ அவருக்குக் கடன் தரும் வங்கியோ கேட்கும்போது விற்பனை பாதியில் நின்றுவிடும். முதலில் நகராட்சியில் பிளான் நகல் வாங்குங்கள். பதிவுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் (கட்டடப் பிளான் வரைபவர்) ஒருவரை வைத்து, கட்டியிருப்பதை உள்ளது உள்ளபடி வரைந்து அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு, விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம். நடைமுறையில் இழுக்கும். அறை எல்லைச்சுவரை ஒட்டி இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதமும் தேவைப்படலாம். அதனால் இந்த வாரமே தொடங்குங்கள்.

குடியிருக்கும் குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் அறுந்துபோகாது, புது உரிமையாளர் அதற்குக் கட்டுப்பட்டவர். ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதை வாங்க வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களிடமும் இப்போதே பேசுங்கள், கடைசி நேரத்தில் தெரிந்தால் அவர்களுக்கும் கஷ்டம்.

ஈரத்துக்கு வருவோம். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துவையுங்கள். காலையில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. நகரவில்லை என்றால், நல்ல மழைக்கு மறுநாள் அலமாரியை இழுத்துவிட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையில் வெள்ளையாக உப்பு ஒட்டி, பிளாஸ்டர் விரலுக்கே உதிர்ந்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது. சரிவை வெட்டி எழுப்பிய வீடுகளில் பெரும்பாலும் பின்னாலிருக்கும் மண்மேடுதான் காரணம். கூரை நீர்க்குழாயைச் சுவரைவிட்டுத் தள்ளி விடுங்கள், மேட்டின் அடியில் வடிகால் வெட்டுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பூச்சும் பெயின்ட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வரவேற்பறையை அல்ல, பின்பக்க மேட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பெயின்ட்டால் மூடி மறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, விற்கிறவர் வீட்டின் குறைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் ஏஜென்ட் உங்கள் வீட்டை விற்க ஒப்புக்கொள்ளக்கூடாது. சுவர் ஈரம், அனுமதியில்லாத கட்டடம் இரண்டையும் அந்தப் படிவம் கேட்கிறது. ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, அதாவது இருப்பது இருந்தபடி, என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு அது காப்பாற்றாது. உண்மையை எழுதி விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, பிறகு வழக்கறிஞருக்குக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

சான்றிதழ்களில் மின்சாரச் சான்றிதழ் கட்டாயம். வீடு மாற்றிப் பதியும் நாளில் அது இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. பெரிய வீட்டிலிருந்து அவுட்பில்டிங்குக்கு இழுத்த வயரில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது, எலக்ட்ரீஷியனை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். கேஸ் அடுப்பு இணைப்போ மின்வேலியோ இருந்தால் அவற்றுக்குத் தனிச் சான்றிதழ். மரத்தைத் துளைக்கும் வண்டு இல்லை என்று காட்டும் மரவண்டுச் சான்றிதழைச் சட்டம் கேட்கவில்லை என்றாலும் நம் கடற்கரைப் பகுதியில் ஒப்பந்தத்தில் சேர்ப்பது வழக்கம். கூரை மரத்தில் சின்னத் துளைகளும் கீழே மாவுபோல் தூளும் தெரிகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

நகராட்சிப் பாக்கி தீராமல் பத்திரம் மாறாது. தண்ணீர் பில்லில் தகராறு இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பாண்ட், அதாவது வீட்டுக் கடன், இன்னும் வங்கியில் இருந்தால், அதை ரத்துசெய்யப்போவதாக 90 நாள் முன்பே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அபராதம் விழலாம்.

மாரியம்மன் உங்களோடு வரலாம். ஆனால் சிமென்ட் மேடையில் நிலையாகப் பதித்தது வீட்டோடு சேர்ந்ததாகவே கருதப்படும். ஆகவே விற்பனை ஒப்பந்தத்தில் ‘இது விற்பனையில் சேராது’ என்று எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். கேட் மோட்டார், இன்வெர்ட்டர், சாட்டிலைட் டிஷ் எதையாவது எடுத்துப்போவதானால் அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அம்மனைப் பெயர்த்தெடுப்பதை உங்கள் கோயில் ஐயரிடம் கேட்டு, வீட்டைக் காட்டத் தொடங்கும் முன்பே முடித்துவிட்டால் பேச்சுக்கே இடமிருக்காது.