தசாவதாரத்துக்கு டார்வின் சான்றிதழ் எதற்கு?

போன இதழில் பரிணாமம் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதப்போக, தபால் குவிந்துவிட்டது. வெறும் வசவாக வந்தவற்றை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சாளக்கிராமம் வைத்துத் திருமஞ்சனம் செய்கிறோம். பிளஸ் டூ படிக்கும் பேரன், "இது செத்துப்போன கடல் பிராணி பாட்டி" என்கிறான். நிஜமா? நிஜமென்றால் நான் என்ன செய்வது?
– ஒரு பாட்டி, திருவந்திபுரம்

நிஜம்தான் அம்மா. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களில், உள்ளே சக்கரம் தெரிகிறவை அம்மோனைட் என்ற பிராணியின் எச்சம். கடலூர் துறைமுகத்தில் கணவாய் பார்த்திருப்பீர்களே, அதற்கு உறவுதான், ஆனால் சுருட்டிவைத்த ஓடு ஒன்று உண்டு. பிராணி செத்துக் கடலடிச் சேற்றில் புதைந்து, சேறு இறுகிக் கல்லாகி, ஓட்டின் வரிகள் அதற்குள் அச்சாகப் பதிந்துவிட்டன. நீங்கள் சக்கரம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வது அந்தச் சுருளைத்தான். கடல் பிராணி நேபாளத்து மலையில் என்ன செய்கிறது என்றால், இமயமலை இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது, இந்திய நிலத்தட்டு வடக்கே போய் ஆசியாவை முட்டியதில் கடலடி மண் மலையாக எழும்பியது, அதை ஆறு அரித்துக் கொண்டுவந்து போடுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன், அம்மோனைட் நம் பக்கமே உண்டு. புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர்ப் பகுதிப் பாறையில், சுமார் 7 கோடி ஆண்டு பழசு. கேய், கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கங்களில் பொறுக்கிச் சேர்த்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் அறிக்கை எழுதினார். டார்வின் தம் 1859ஆம் ஆண்டுப் புத்தகத்தில், ஐரோப்பியச் சுண்ணப்பாறையில் இருக்கிற மாதிரியான உயிர்கள் உலகத்தின் பல மூலைகளிலும் கிடைக்கின்றன என்று இடங்களை அடுக்கும்போது இந்தியத் தீபகற்பத்தையும் சொல்கிறார். அப்போது தீபகற்பத்திலிருந்து தெரியவந்திருந்தவை இந்த மாதிரி நம் ஊர்க் கற்கள்தாம். இதைப் பேரனிடம் சொல்லுங்கள், அவனுக்கே தெரிந்திருக்காது.

திருமஞ்சனத்தை நிறுத்தச் சொல்ல நான் யார்? கல்லில் பெருமாள் இருக்கிறாரா என்பது கல்லை உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிற சமாசாரம் இல்லை. இன்னொன்று, வஜ்ரகீடம் என்ற புழு குடைந்து அந்தச் சக்கரத்தை உண்டாக்கியது என்று புராணக் கதையே இருக்கிறது. சுருளைப் பார்த்த பழைய ஆட்களுக்கும் ஏதோ ஓர் உயிரின் வேலை என்று பட்டிருக்கிறது பாருங்கள். அந்த உயிர் புழுவா அம்மோனைட்டா என்பதில் பேரன் பக்கம்தான் சரி, அதற்காக அவனைத் திட்டாதீர்கள். அடுத்த முறை கல்லைத் துடைத்து வைக்கிற வேலையை அவனிடமே கொடுங்கள்.

கேள்வி: முதலில் மீன், பிறகு ஆமை, பன்றி, பாதி மனிதன், குள்ளன், முழு மனிதன். டார்வினுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு முன்பே நம் முன்னோர் சொல்லிவிட்டார்கள். இதை ஒத்துக்கொள்ள உங்களுக்கு என்ன தயக்கம்?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், முத்தியால்பேட்டை

தயக்கம் ஒன்றும் இல்லை சார், நேராகவே மறுக்கிறேன். தசாவதாரத்தையும் பரிணாமத்தையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியது 1877இல். டார்வின் புத்தகம் வந்து அப்போது 18 வருடம் ஆகியிருந்தது. தசாவதாரத்தைப் பாடிப் பாடி உருகிய ஆழ்வார்கள் யாரும் அதை உயிரியல் பாடமாகப் பார்க்கவில்லை. டார்வின் வந்த பிறகுதான் அதற்குள் டார்வின் தெரிய ஆரம்பித்தார்.

கதையையே பாருங்களேன். மீன் ஆமையாக மாறியதா? இல்லை. ஒவ்வொரு முறையும் அதே திருமால்தான் வருகிறார், வருவதற்கு ஒரு காரியம் இருக்கிறது, இரணியனுக்கு ஒரு வடிவம், மகாபலிக்கு ஒரு வடிவம். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வில் காரியமும் கிடையாது, நோக்கமும் கிடையாது. பிறக்கிற குஞ்சுகளில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், அந்தச் சூழலில் எது பிழைத்துக் குட்டி போடுகிறதோ அதன் வித்தியாசம் அடுத்த தலைமுறைக்குப் போகும், இதுவே லட்சக்கணக்கான தலைமுறை நடந்தால் ஆளே மாறிப்போகும். இந்த இரண்டையும் ஒன்று என்று சொன்னால் அவதாரத்துக்கும் மரியாதை இல்லை, டார்வினுக்கும் இல்லை.

திருவாசகத்துச் சிவபுராணத்தையும் இதற்கு இழுப்பார்கள். 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' வரைக்கும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். மேலே படித்தால் 'பறவையாய்ப் பாம்பாகிக் கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்' என்று போகிறது. கல்லுக்கு அடுத்து மனிதர், மனிதருக்கு அடுத்து பேய்! மாணிக்கவாசகர் எந்த இனத்திலிருந்து எந்த இனம் வந்தது என்று வரிசை போடவில்லை, ஓர் உயிர் பிறந்து பிறந்து அலுத்துப்போய் 'எம்பெருமான்' என்று கூப்பிடுகிறது. அந்தக் கூப்பாட்டை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் உருவிக்கொண்டு வருவதில் யாருக்கு என்ன லாபம்?

உங்கள் ஊர் அரவிந்தர் இந்த விஷயத்தில் நேர்மையானவர். 1914இல் தொடங்கிய ஆர்யா இதழில் அவர் எழுதியதும் பரிணாமம்தான், மனிதன் கடைசிப் படி இல்லை என்றார். ஆனால் அவர் பேசியது உணர்வு மேலே மேலே ஏறுவதைப் பற்றி, அதற்கு ஒரு திசை உண்டு என்ற நம்பிக்கையில் எழுந்த தத்துவம் அது. உயிரியலில் அப்படி ஒரு திசை இல்லை. இரண்டையும் படிக்கலாம், ஆனால் ஒன்றுக்கு இன்னொன்றைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். பரிணாமமே பொய் என்று சண்டைக்கு வருகிறவரோடு எனக்குப் பிரச்சினை குறைவு. அவருக்கு டார்வின் என்ன சொல்கிறார் என்றாவது தெரியும், அதனால்தான் கோபம் வருகிறது. 'எல்லாம் எங்களிடமே இருக்கிறது' என்கிறவரிடம் பேச்சே எடுபடாது.

கேள்வி: மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?
– கல்லூரி மாணவர், குறிஞ்சிப்பாடி

சிம்பன்ஸி உங்களுக்குப் பாட்டன் இல்லை தம்பி, பங்காளி. பங்காளி பிள்ளைகள் இருக்கும்போது நீங்களும் இருக்கிறீர்கள் அல்லவா? சுமார் 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொது மூதாதையிடமிருந்து இரண்டு கிளையும் பிரிந்தன. உறவுக்குச் சாட்சி வேண்டுமா? நாயும் பசுவும் வைட்டமின் சியைத் தம் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. நமக்கு அது முடியாது, நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றாக வேண்டும். செய்கிற மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. சிம்பன்ஸியிடமும் பழுதுதான், அதிலும் பல இடங்களில் அச்சு அசலாக ஒரே பழுது. இரண்டு மாணவர் பரீட்சையில் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்தால் வாத்தியார் என்ன நினைப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். மகள் பரிணாமம் படிப்பது விசுவாசத்துக்கு விரோதமா?
– ஒரு தாய், வில்லியனூர்

உங்கள் திருச்சபையே விரோதம் என்று சொல்லவில்லை. மனித உடலின் தோற்றத்தைப் பரிணாமக் கோணத்தில் ஆராயலாம், ஆன்மா கடவுள் நேரடியாகப் படைப்பது என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். 1996இல் இரண்டாம் ஜான் பால் இன்னும் ஒரு படி மேலே போய், இது வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். தொடக்க நூலின் ஆறு நாளை அப்படியே ஆறு நாளாகக் கொள்கிற வேறு சபைகள் உண்டு, அக்கம்பக்கத்தில் யாராவது பயமுறுத்தினால் குழம்ப வேண்டாம். மகள் மரபியல் பாடத்தில் படிக்கப்போகும் மெண்டலே அகுஸ்தினார் சபைத் துறவி, பட்டாணிச் செடி வளர்த்தது மடத்துத் தோட்டத்தில்.

கேள்வி: ஓர் உயிர் மாறுவதைக் கண்ணால் பார்த்தவர் யார்? ஒரு மத்திய அமைச்சரே கேட்டாரே!
– கடை வைத்திருப்பவர், கடலூர் முதுநகர்

கேட்டார், 2018 ஜனவரியில். அறிவியலாளர்கள் உடனே மறுத்தார்கள். அவர் கேட்டது குரங்கு மனிதனாவதை யாராவது பார்த்தார்களா என்று. அது ஓர் ஆள் ஆயுசில் பார்க்கிற விஷயம் இல்லை, எலும்பிலும் மரபணுவிலும் தடயம் தேட வேண்டியதுதான். ஆனால் ஆயுசு குறைந்த உயிர்கள் மாறுவதைப் பார்க்க முடியும். புதுச்சேரியில் 1975இலிருந்து கொசு போன்ற நோய் பரப்பிகளை ஆராய ஒரு மத்திய ஆய்வு மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்த புதிதில் கொசு கொத்துக் கொத்தாகச் செத்தது. விஷம் தாங்குகிற மாறுபாடு ஏதோ சிலவற்றுக்கு முன்னமே இருந்தது, அவை மட்டும் தப்பி முட்டையிட்டன, சில வருடங்களில் பல இடங்களில் மருந்தடித்தாலும் சாகாத கொசுவே மிச்சம். எந்தக் கொசுவும் முயற்சி செய்து மாறவில்லை, சாகாதது பெருகியது, அவ்வளவுதான். காசநோய்க் கிருமியும் இதே வழிதான். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால், மருந்துக்கு ஓரளவு தாக்குப்பிடித்த கிருமிதான் உடம்பில் தங்கிப் பெருகும், அப்புறம் அந்த மாத்திரை வேலை செய்யாது. ஆறு மாதமும் விடாமல் சாப்பிடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்வது அதனால்தான்.