வேண்டிக்கொண்டிருக்கிறேன் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். 2022 தொடக்கம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. எங்கள் அலுவலகத்திலேயே ஒரு வெற்றிடம் வந்தது என்று ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’, ‘ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2022’ என்ற இரண்டு வரிக்கும் முகாமையாளர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். ஏன் என்று சொல்லவில்லை. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபோர்வேர்ட் டு ஹியர் ஃப்ரொம் யூ’ என்று முடித்திருந்தேன், அதில் கை வைக்கவில்லை. ‘ஐஎன்ஜி’ போடக்கூடாத வினைச்சொற்களின் பட்டியல் தருவீர்களா? பாடமாக்கிவிடுகிறேன். தமிழில் இந்த மாதிரி நுட்பமான வேறுபாடுகள் இல்லாததால்தான் எங்களுக்கு இது ஏறுவதில்லையா? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா? தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

தமிழில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். வகுப்பில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். பட்டியலைப் பிறகு பார்ப்போம். ‘தமிழில் நுட்பமான வேறுபாடுகள் இல்லாததால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யார் உங்களுக்குச் சொன்னது? இந்தப் பேச்சுக்கு ஒரு நாள் பதில் எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். நீங்கள் வந்து அகப்பட்டுக்கொண்டீர்கள்.

‘எனக்கு அவரைப் பிடிக்கும்.’ ஆங்கிலத்து ‘ஐஎன்ஜி’யின் வேலையைத் தமிழில் பார்ப்பது ‘கொண்டிரு’. அதை இதில் ஒட்டிப் பாருங்கள். ‘பிடித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் 100 ஆம் இலக்க பஸ்ஸில் மேல்கம்பியில் தொங்குகிற ஆள்தான் கண்ணுக்கு வருவார், விருப்பம் போய்விடும். ‘வேணும்’ என்பதில் ஒட்டினால் இன்னும் வேடிக்கை. ‘வேண்டிக்கொண்டிருக்கிறன்’ என்று தொலைபேசியில் சொன்னால், நீங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நிற்கிறீர்கள் என்று நினைப்பார்கள். கேட்கிறவர் யாழ்ப்பாணத்தார் என்றால், சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைப்பார். ‘எனக்குத் தேவை’ என்று ஒருவருக்கும் விளங்காது. ‘போதும்’ என்ற சொல்லில் ‘கொண்டிரு’ ஒட்டவே ஒட்டாது. ‘தெரியும்’ காலத்துக்குக்கூட வளைந்து கொடுக்காது: இன்றைக்கும் தெரியும், நேற்றே தெரியும். ஆங்கிலக்காரன் அந்த இடத்தில் ‘நோ’வை ‘நியூ’ ஆக்கியாக வேண்டும்.

நடக்கிற காரியம் வேறு, இருக்கிற நிலை வேறு என்பது உங்கள் நாக்குக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். நிலையைச் சொல்லும் சொல்லில் ‘கொண்டிரு’ மாதிரியான தொடர்வினையை ஒட்டினால் ஒன்று ஒட்டாது, இல்லையென்றால் ஒட்டிப் பொருள் மாறும். ஆங்கிலத்திலும் அச்சொட்டாக இதுதான். வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு பாரை மீன் தராசில் கிடக்கிறது. ‘தி ஃபிஷ் வெய்ஸ் டூ கிலோஸ்.’ அது மீனின் நிலை. மீன்காரர் நிறுக்கிறார், ‘ஹி இஸ் வெயிங் தி ஃபிஷ்’. அது கைவேலை, பாதியில் நிறுத்தலாம். மீன் தன் இரண்டு கிலோவைப் பாதியில் நிறுத்த முடியாது. ‘ஐ திங்க்’ என்றால் என் அபிப்பிராயம், ‘ஐ ஆம் திங்கிங்’ என்றால் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற யோசனை. ‘ஐ சீ’ என்றால் விளங்குது, ‘ஐ ஆம் சீயிங் தி டொக்டர்’ என்றால் டொக்டரிடம் காட்டப் போகிறேன். ‘ஹி இஸ் ரூட்’ என்றால் ஆளே அப்படி, ‘ஹி இஸ் பீயிங் ரூட்’ என்றால் இப்போது மட்டும் அப்படி நடக்கிறார். உங்கள் முகாமையாளருக்கு எது பொருந்தும் என்று நீங்களே பாருங்கள்.

பழந்தமிழில் நிகழ்காலத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட கருவி இருந்தது. பழைய இலக்கண நூலான நன்னூல் நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்று மூன்று இடைநிலை (வினையின் நடுவில் நின்று காலம் காட்டும் உறுப்பு) சொல்கிறது. ‘உண்ணாநின்றான்’ என்றால் உண்கிறான். (இன்றைக்குக் கேட்பவர்கள் ஏதோ சாப்பிடாமல் நின்றவன் என்றுதான் நினைப்பார்கள்.) ஆங்கிலம் மட்டும் பிறக்கும்போதே முழுசாக வந்ததா? வீடு கட்டப்படுகிறது என்பதற்கு ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்பதுதான் ஒரு காலத்தில் நல்ல ஆங்கிலம். ‘இஸ் பீயிங் பில்ட்’ 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டியது. 19 ஆம் நூற்றாண்டு இலக்கணகாரர் பலர் அதைக் கண்டபடி ஏசினார்கள்.

பிறகு ஏன் ‘ஐ ஆம் ஹேவிங்’ வந்தது? எங்கள் ‘இருக்கு’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘அனுபவம் இருக்கு’ என்பதில் அது உடைமை. ‘மழை பெய்துகொண்டிருக்கு’ என்பதில் அது தொடர்வினையின் வால். உடைமைக்காரரை வால்காரர் என்று நினைத்து ‘ஐஎன்ஜி’யை மாட்டிவிடுகிறோம். பக்கத்து மேசைச் சிங்களத் தோழியும் இதே பிழையை விடுவார், கவனியுங்கள். ‘மட்ட சஹோதரயோ தென்னெக் இன்னவா’ (எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள்) என்கிற அவருக்கும் உடைமை ‘இரு’ தான். ‘எனக்கு இருக்கு’ என்று தமிழில் வந்தால் ஆங்கிலத்தில் வெறும் ‘ஐ ஹேவ்’. மதியச் சாப்பாடு, கூட்டம், பிள்ளைப்பேறு மாதிரி நடக்கிற காரியம் என்றால் மட்டும் ‘ஹேவிங்’.

தமிழும் ஆங்கிலமும் உண்மையிலேயே பிரிகிற இடங்களும் உண்டு. ‘செய்யிறன்’ எங்களுக்கு வழக்கத்துக்கும் ஆகும், இந்த நிமிஷத்துக்கும் ஆகும். ‘காப்புறுதியில வேலை செய்யிறன்’ என்று லீவில் படுத்துக்கொண்டும் சொல்லலாம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஐ வேர்க்’. கொஞ்சக் காலத்துக்கு மட்டும் என்றால் ‘ஐ ஆம் வேர்க்கிங்’. வவுனியாவில் வீடு கட்டி முடியும் வரைக்கும் வெள்ளவத்தையில் இருப்பவர் ‘ஐ ஆம் லிவிங் இன் வெள்ளவத்தை’ என்றால் சரி, நிரந்தரவாசி ‘ஐ லிவ்’ என்பார். இறந்தகாலத்தில் எங்கள் ‘கொண்டிருந்தேன்’ பழைய வழக்கத்தையும் சேர்த்துச் சுமக்கும். ‘அப்ப 101 பஸ்ஸில போய்க்கொண்டிருந்தன்’ என்பதை ‘ஐ வோஸ் கோயிங்’ என்று எழுதினால், கேட்பவர் ‘போகும்போது என்ன நடந்தது?’ என்று காத்திருப்பார். அதற்கு ‘ஐ யூஸ்ட் டு கோ’.

உங்கள் இரண்டாவது வட்டம் ‘தொடக்கம்’ என்ற சொல்லால் வந்தது. ‘2022 தொடக்கம் வேலை செய்யிறன்’ என்று நாங்கள் நிகழ்காலத்தில் விட்டுவிடுவோம். அன்று தொடங்கி இன்று வரை நீள்வதை ஆங்கிலம் வினையிலேயே காட்டச் சொல்லும்: ‘ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2022’. தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’, நீளத்துக்கு ‘ஃபோர்’. ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று ஒருநாளும் எழுதாதீர்கள். ‘தெரியும்’ வகைச் சொல் என்றால் இங்கேயும் ‘ஐஎன்ஜி’ கிடையாது, ‘ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2022’.

பட்டியல் கேட்டீர்கள். நோ, லைக், வோன்ட், நீட், பிலோங், கன்டெய்ன், ஓன். இவ்வளவோடு நிறுத்துகிறேன். பாடமாக்கினால் ‘வெய்’ என்ற சொல்லிலேயே விழுந்துவிடுவீர்கள், அது இரண்டு பக்கமும் நிற்கும். சந்தேகம் வந்தால் ‘பாதியில் நிறுத்தலாமா?’ என்று கேளுங்கள்.

இனி முகாமையாளர் வட்டம் போடாமல் விட்ட வரி. ‘டு ஹியர்’ பிழை, ‘டு ஹியரிங்’ என்று வரவேண்டும். அந்த ‘டு’ ‘டு ஈட்’ என்பதில் வருகிற ‘டு’ இல்லை. ‘டு யூ’ என்பதில் வருகிற, எங்கள் ‘கு’ உருபு மாதிரியான ‘டு’. அதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் நிற்கும். ‘ஐஎன்ஜி’ இருந்தாலும் இது தொடர்வினை இல்லை, எங்கள் ‘கேட்டல்’ மாதிரித் தொழிற்பெயர். முன்னாலுள்ள ‘ஆம் லுக்கிங்’ பிழையில்லை, ஆனால் விண்ணப்பத்துக்கு ‘ஐ லுக் ஃபோர்வேர்ட்’ கொஞ்சம் மடிப்புக் கலையாமல் இருக்கும். மூன்று வரியையும் திருத்தி அதே சிவப்புப் பேனையிடம் கொடுங்கள். ‘ஹியரிங்’ என்பதற்கு அவர் வட்டம் போட்டால் எனக்கு எழுதுங்கள், தமிழிலேயே.