அமெரிக்கத் தம்பதி ஜெர்மனியில் குடியேறினால் அன்றாட வாழ்க்கையில் எது அதிகம் திணறடிக்கும்?

என் கணிப்பில் முதலில் வீடுதான். வாடகை வீட்டில் பல நேரம் சமையலறையே இருக்காது, சுவரில் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அடுப்பு, அலமாரி, சிங்க் எல்லாம் நாமே வாங்கி மாட்ட வேண்டும், சில வீடுகளில் விளக்குகூட இருக்காது. அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன 120 வோல்ட் மிக்ஸியை அங்கே 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். குடிபோன 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அதனால் பால், காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அவசரம் என்றால் பெரிய ரயில் நிலையக் கடைகள் உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் காலியானதும் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால், வாங்கும்போது முன்பணமாகக் கட்டிய 25 சென்ட் திரும்ப வரும்.

அப்புறம் வரி. அமெரிக்கக் குடிமக்கள் வெளிநாட்டில் வாழ்ந்தாலும், வருமானம் வரம்பைத் தாண்டினால் அமெரிக்காவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். 2010-இல் வந்த ஃபாட்கா சட்டப்படி வெளிநாட்டு வங்கிகள் அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தைத் தெரிவிக்க வேண்டியிருப்பதால், சில வங்கிகள் அவர்களுக்குக் கணக்கே தருவதில்லை. சாதாரணச் சம்பளக்காரர்களுக்கு இது பெரிய அநியாயம். கிளம்பும் முன்பே வங்கியில் விசாரித்துவிடுங்கள்.