அந்த இரண்டு பக்கத்தைக் கிழிக்காதீர்கள்

கேள்வி: என் தாத்தா பி அண்ட் சி மில்லில் வேலை செய்தவர். போன வருடம் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு ஆட்டோகிராப் நோட்டு கிடைத்தது. அண்ணா கையெழுத்து, கீழே 18.9.49 என்று தேதி. ராபின்சன் பார்க் கூட்டத்தில், கொட்டும் மழையில் வாங்கியது என்று தாத்தா சொல்வார். இன்னொரு பக்கத்தில் காமராஜர், தேதி இல்லை. மற்றதெல்லாம் யார் யாரோ. ஒரு பழைய நோட்டீஸும், எம்.ஜி.ஆர். கையெழுத்துப் போட்ட போட்டோவும் உள்ளே இருக்கின்றன. பழைய பொருள் வாங்குகிற ஒருவர் அண்ணா, காமராஜர் பக்கங்களை மட்டும் பிரித்துக் கொடுத்தால் 30,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். இவை நிஜமா? கொடுக்கலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன். பாட்டி இருக்கிறார், நினைவும் நன்றாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: தம்பி, விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் பிளேடை எடுத்து உள்ளே வையுங்கள். அந்த ஆள் இரண்டு பக்கத்தை மட்டும் கேட்கிறார் என்றால் ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, இல்லை நன்றாகவே தெரியும். நோட்டோடு இருக்கிற வரைக்கும் அது உங்கள் தாத்தா வாங்கிய கையெழுத்து. பிரித்துவிட்டால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளில்லாத ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான்.

உங்கள் படங்களை இரண்டு ராத்திரி பார்த்தேன். அண்ணா கையெழுத்து இங்க் பேனாவில் போட்டது, மை காகிதத்தில் லேசாக ஊறிப் பரவியிருக்கிறது, கோடு எங்கேயும் தயங்கி நிற்கவில்லை. பார்த்துப் பார்த்து வரைகிறவன் கை மெதுவாகப் போகும், நடுவில் பேனாவைத் தூக்கித் தூக்கி வைக்கும், அந்த அடையாளம் இதில் இல்லை. இதுவரை நல்ல செய்தி.

ஆனால் மழைக் கதைதான் இடிக்கிறது. தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பர் 18 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. (நம் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் அவர்கள் தாத்தா அன்றைக்கு அங்கே நனைந்துகொண்டு நின்றவராகத்தான் இருப்பார். அத்தனை பேரும் வந்திருந்தால் பூங்கா தாங்கியிருக்குமா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.) சாதாரண இங்க் தண்ணீர் பட்டால் கரையும். கொட்டும் மழையில் நோட்டை நீட்டி வாங்கியிருந்தால் ஒரு சொட்டாவது விழுந்து எழுத்து கலங்கியிருக்க வேண்டாமா? உங்கள் பக்கம் சுத்தமாக இருக்கிறது. இன்னொன்று, தேதி எழுதிய மை வேறு நிறம். அதே நிற மையில்தான் நோட்டின் முதல் பக்கத்தில் தாத்தா தன் பெயரை எழுதியிருக்கிறார், 9 போடுகிற விதமும் ஒன்றே. என் கணிப்பு, கையெழுத்து வேறு ஒரு நாளில், ஏதோ ஒரு கூரைக்குக் கீழே வாங்கியது, தேதியைத் தாத்தா பிற்பாடு சேர்த்திருக்கிறார். அதனால் அவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மில் லீவாக இருந்திருக்கும், கூட்டத்துக்கு அவர் போயிருக்கலாம். வாழ்க்கையில் பெரிய நாள் ஒன்று, பெரிய கையெழுத்து ஒன்று, இரண்டையும் மனசு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். கையெழுத்து நிஜமாகவும் தேதி தப்பாகவும் இருக்கலாம், அதை மறைக்காமல் சொன்னால் வாங்குகிறவருக்கும் உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

காமராஜர் பக்கம் பால்பாயிண்ட் பேனா. அதில் தப்பில்லை, அவர் 1975 வரை இருந்தவர், அதற்குள் பால்பாயிண்ட் பரவிவிட்டது. எம்.ஜி.ஆர். படத்தைத்தான் எடுத்து, ஜன்னல் ஓரமாகச் சாய்த்துப் பாருங்கள். பேனா ஓடியிருந்தால் மை படத்தின் மேல் தனியாக மினுக்கும். லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது கையெழுத்தும் படமும் ஒரே மாதிரி புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. ரசிகர்களுக்குக் கொடுக்க இப்படி அச்சுக் கையெழுத்தோடு படம் போடுவது சினிமாவில் சகஜம். உங்களுடையது அச்சு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பரவாயில்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

நோட்டீஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது. லை, னை எல்லாம் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய எழுத்து. அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இப்போதைய வடிவம் எல்லா அச்சிலும் வந்தது, பெரியாரின் பத்திரிகைகள் மட்டும் 1935-லேயே மாறிவிட்டன. ஐம்பதுகளின் நோட்டீஸ் என்று சொல்லி யாராவது புது எழுத்தில் ஒன்றை நீட்டினால், அது திராவிடர் கழக அச்சு இல்லையென்றால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் பிடித்துக் கொடுக்கும். நான் ஒருமுறை 1962 என்று தேதி போட்ட லெட்டர்பேட் கடிதம் ஒன்றை, பெரிய தலைவர் கையெழுத்து என்று ஆசைப்பட்டு ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு! பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல், அதற்கு முன் சென்னை-13, சென்னை-21 என்றுதான் எழுதுவோம். விற்றவர் அடுத்த வாரம் அந்த இடத்தில் இல்லை. அந்தக் கடிதம் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, பேராசை வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

சரி, மற்ற பக்கங்களில் 'யார் யாரோ' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நீங்கள் ஏமாறப் பார்க்கிறீர்கள். தொழிற்சங்கச் செயலாளர் என்று ஒருவர், ஓட்டேரி பள்ளித் தலைமை ஆசிரியர், நாடக நடிகர் போலத் தெரிகிற ஒருவர், 'வாழ்க வளமுடன்' என்று கோணலாக எழுதிய நெசவுப் பிரிவு மேஸ்திரி. இந்த மேஸ்திரி கையெழுத்தைப் போலியாகப் போட யாருக்கும் காரணம் இல்லை, போட்டால் பைசா கிடைக்காது. அவரும் அண்ணாவும் ஒரே நோட்டில், ஒரே மாதிரி மங்கிய ரோஸ் தாளில் இருப்பதுதான் அண்ணாவுக்குச் சாட்சி. 2020-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் காந்தி அணிந்தது என்று ஒரு கண்ணாடியை யாரோ ஒரு கவரில் போட்டு ஏலக்கடையின் தபால் பெட்டியில் செருகிவிட்டுப் போனார். 15,000 பவுண்டு வரை போகலாம் என்று நினைத்தது 2,60,000 பவுண்டுக்குப் போனது. வட்டக் கண்ணாடி ஊரில் ஆயிரம் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த மாமாவுக்குக் கிடைத்தது என்று அந்தக் குடும்பம் சொன்ன கதையை, காலக் கணக்கோடு பொருந்துகிறதா என்று ஏலக்காரர்கள் விசாரித்த பிறகுதான் அதற்கு அந்த மதிப்பு.

நோட்டை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், இரண்டும் ஒட்டினது ஒட்டினதுதான். கடல்காற்று ஈரத்துக்குக் காகிதம் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி வேறு. சுத்தமான வெள்ளைத் தாளில் சுற்றி, மூடி போட்ட பெட்டியில், கொஞ்சம் வசம்பு பக்கத்தில் வைத்து, உயரமான அலமாரியில் ஏற்றுங்கள். 2015-லும் 2023-லும் தண்ணீர் வந்தபோது தரையில் வைத்த டிரங்குப் பெட்டிகளுக்கு என்ன ஆனது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, படம் எடுத்துவிடுங்கள்.

விற்பது உங்கள் இஷ்டம், வீட்டில் பணத்தேவை இருந்தால் நான் யார் குறுக்கே நிற்க. விற்றால் முழு நோட்டாக, எழுதி வாங்கிக்கொண்டு விற்றுவிடுங்கள். வெளிநாட்டு ஆள் கேட்டால் மட்டும் ஜாக்கிரதை, 1972 தொல்பொருள் சட்டப்படி வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 வருடம் தாண்டினால் தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. விற்க மனசில்லை, வீட்டில் வைக்கவும் பயம் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, இந்த மாதிரிக் காகிதங்களின் அருமை தெரிந்த இடம், ஒருநாள் போய்ப் பேசிப் பாருங்கள்.

பாட்டி இருக்கிறார், நினைவும் நன்றாக இருக்கிறது என்று கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நோட்டை அவர் மடியில் வைத்து, போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு, மேஸ்திரி யார் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மழை பெய்ததா என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகச் சொல்கிறாரா பார்ப்போம்.